நனைய வந்தவள்

கடல் ஒரு மனுஷியைக் கண்டு விலகி நின்றது கிளிஞ்சல் தீவில்தான். அன்று புயல் இல்லை, பூமி அதிரவும் இல்லை. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த, ஜெபமாலையின் சாப்பாட்டுக் கடையில் இட்லி தீர்ந்துபோய் உப்புமா கிண்டிக்கொண்டிருந்த, எல்லாக் காலையையும் போன்ற ஒரு காலை. விலகி நின்றது யாரைக் கண்டு என்றால், விழுப்புரத்துப் பக்கம் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருக்கும், ஒரு சத்தம் போட்டால் மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிற பிள்ளையும் நின்றுவிடும் குரல் கொண்ட, அரையாண்டு லீவில் தோழியோடு போர்ட் பிளேர் வரை விமானத்திலும் அங்கிருந்து கப்பலிலும் வந்து சேர்ந்த, ஐம்பது வயது தாண்டியும் கடலில் ஒரு தடவைகூட இறங்கியிராத பூங்காவனத்தைக் கண்டு.

தோழியின் பெயர் சுலோச்சனா. மதுரையில் ஒரு வங்கியில் அதிகாரி. கல்லூரி விடுதியில் இருவரும் ஒரே அறை, ஒரே வாளி, ஒரே எண்ணெய்ச் சீசா. கல்யாணமும் பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போன பிறகும் போனில் பேசாத வாரம் கிடையாது. எங்கேயாவது போகலாம் போகலாம் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது, ஒரு நாள் பூங்காவனம் அனுப்பிய வீடியோவில்தான் முடிவுக்கு வந்தது. அதில் ஒரு பெண் கண்ணாடி மாட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு, தண்ணீரின் மேல் குப்புறப் படுத்திருந்தாள். அவளுக்குக் கீழே மஞ்சளும் ஊதாவுமாக மீன்கள் அவரவர் வேலையாகப் போய்க்கொண்டிருந்தன.

"உனக்கு நீச்சலே தெரியாதேடி பூங்கா."

"மிதந்தா போதுமாம். நான் நனையணும் சுலோ. தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரு தடவை நல்லா நனையணும்."

ஏன் என்று சுலோச்சனா கேட்கவில்லை.

கரையில் அவர்களுக்குக் கண்ணாடியும் குழாயும் மாட்டிவிட்டவன் வில்பிரட். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து தாத்தா காலத்தில் வந்து குடியேறிய குடும்பம். "முகத்தை மட்டும் தண்ணியில வைங்க, வாயால மூச்சு விடுங்க, பவளப்பாறையில காலை ஊனாதீங்க, பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று தினமும் சொல்வதைச் சொல்லி முடித்தான். சுலோச்சனா முதலில் ஓடிப்போய் இடுப்பளவு தண்ணீரில் நின்று கூச்சல் போட்டாள். பூங்காவனம் லைப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஈர மணலில் காலை வைத்தாள்.

தண்ணீர் பின்வாங்கியது.

"அலை வாங்குது மேடம், கொஞ்சம் நில்லுங்க, வந்துரும்" என்றான் வில்பிரட்.

நின்றாள். வரவில்லை. ஓர் அடி வைத்தாள். தண்ணீர் ஓர் அடி விலகியது. இன்னும் நடந்தாள், சந்தைக்கடையில் கூடை தூக்கி வருகிறவளுக்குக் கூட்டம் ஒதுங்குவதைப் போல, தண்ணீர் இரண்டு கை அகலத்துக்கு அவளைச் சுற்றி ஒதுங்கி, அவள் கடந்ததும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. ஒதுங்கிய தண்ணீரோடு மீன்களும் ஒதுங்கின. ஒதுங்கத் தெரியாத இரண்டு நண்டுகளும் ஒரு சங்கும் மட்டும் அவள் காலடியில் கிடந்தன. இடுப்பளவு, மார்பளவு, தலைக்கு மேல் ஒரு முழம் என்று தண்ணீர் அவளைச் சுற்றி எழும்பி நின்றது. அவளுடைய நீல நிற நீச்சல் உடையில், கடைக்காரர் ஒட்டியிருந்த காகிதம்கூட நனையவில்லை.

சுலோச்சனா தண்ணீருக்குள்ளிருந்தே இரண்டு கையையும் கூப்பினாள். "உனக்கு வழி விடுதுடி பூங்கா! சிலிர்க்குதுடி எனக்கு!"

பூங்காவனத்துக்குச் சிலிர்க்கவில்லை. "நான் வழியா கேட்டேன்?" என்றாள்.

பிறகு அவர்கள் வேறு இடங்களிலும் முயன்று பார்த்தார்கள். மேற்குக் கரையில் விலகியது, அலையாத்தி மரங்களுக்கு நடுவில் தேங்கிய கழியில் விலகியது, கடல் ஏறும்போதும் விலகியது, வற்றும்போதும் விலகியது. குழாயில் வந்த தண்ணீர் ஒழுங்காகவே விழுந்தது. குடிக்கவும் குளிக்கவும் ஒரு குறையும் இல்லை. கூட்டமாக நிற்கிற தண்ணீர்தான் அவளைக் கண்டால் ஒதுங்கியது.

தீவு இதை மத்தியானத்துக்குள் தெரிந்துகொண்டு, சாயங்காலத்துக்குள் பழகிக்கொண்டது. சுனாமி பார்த்த ஜனங்கள். கடல் என்ன செய்தாலும் அதற்கு ஏதோ கணக்கிருக்கும் என்று இருந்தார்கள். முதலில் ஒரு கிழவர் வந்து, போன மழைக்காலத்தில் கயிறறுந்து போன தன் நங்கூரம் பாறைக்கு அந்தப் பக்கம்தான் கிடக்கும், டீச்சர் ஒரு எட்டு நடந்தால் எடுத்துக்கொள்வேன் என்று கேட்டார். அவள் நடந்தாள், எடுத்துக்கொண்டார். அதன்பின் கால் கொலுசு தொலைத்தவள் வந்தாள், பாசி படிந்த வலையைக் கைவிட்டவர்கள் வந்தார்கள், படகு எஞ்சினின் ஒரு பாகத்தை நழுவ விட்டவன் வந்தான். ஒருநாள் ஊரே திரண்டு வந்து, மாதா கோயிலுக்கென்று தருவித்து இறக்கும்போது தவறி விழுந்து, ஒரு தலைமுறையாகக் கடலுக்கடியில் கிடந்த வெண்கல மணியைக் கேட்டது. பூங்காவனம் அதற்கும் நடந்தாள். ஆண்கள் கயிறு கட்டி இழுத்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், மணிக்குள் குடியிருந்த விலாங்கு மீன் ஒன்று கோபத்தோடு வெளியேறிப் போனது.

அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவையாவது ஒரு அலை தவறி மேலே விழுந்துவிடாதா என்று பார்த்துக்கொண்டே நடந்தாள்.

மணி கிடைத்ததற்கு விருந்து வைத்தார்கள். ஜெபமாலைதான் சமையல், சூறை மீன் குழம்பும் நண்டு வறுவலுமாக வாசம் தென்னந்தோப்பையே தூக்கியது. எல்லோரும் பாய் விரித்து வரிசையாக உட்கார, பூங்காவனத்துக்கு மட்டும் வெள்ளைத் துணி விரித்த நாற்காலி ஒன்றைத் தனியாகப் போட்டிருந்தார்கள். அவளைச் சுற்றி இரண்டு கை அகலத்துக்கு யாரும் இல்லை. பரிமாற வந்த பெண்ணும் எட்டி நின்று கையை நீட்டித்தான் குழம்பை ஊற்றினாள்.

"ஏம்மா தள்ளி நிக்கிறீங்க? பக்கத்துல உட்காருங்களேன்."

"ஐயோ, மரியாதைக்குத்தான் டீச்சர்" என்றாள் ஜெபமாலை, முந்தானையால் கையைத் துடைத்தபடி. "கடலே தள்ளி நிக்குது. நாங்க எம்மாத்திரம்."

சின்ன வயதில் டீக்கடையில் தூக்கி ஊற்றப்பட்ட டீயும் இதே உயரத்திலிருந்துதான் விழுந்தது என்று பூங்காவனத்துக்குத் தோன்றியது. குழம்பு ருசியாகத்தான் இருந்தது. அவளுக்கு இறங்கவில்லை.

சுலோச்சனா இதையெல்லாம் போனில் படம் பிடித்தாள், உறவுக்கெல்லாம் அனுப்பினாள். காலையில் மட்டும் அவள் தனியாகக் கடலுக்குப் போனாள். "நீ வந்தா தண்ணி போயிடுதுடி. நான் கொஞ்ச நேரம் நனைஞ்சுட்டு வந்துடறேன், நீ இங்கயே உட்காரு, ம்?" என்று சொல்லிவிட்டுப் போய், விரல்நுனி சுருங்கும்வரை மிதந்துவிட்டுத் திரும்பி வந்து, "கிளி மூக்கு வச்ச மாதிரி ஒரு மீனுடி, பச்சைன்னா அப்படி ஒரு பச்சை, பாறையக் கடிச்சுத் தின்னுது, கடிக்கிற சத்தம்கூடக் கேக்குது" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். பூங்காவனம் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

அவர்கள் தங்கியிருந்த விடுதியில் சிறிய நீச்சல் குளம் ஒன்று உண்டு. ஒரு மத்தியானம், வெக்கை தாங்காமல், காலையாவது நனைக்கலாம் என்று அவள் அதன் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். குளத்துத் தண்ணீர் மொத்தமும் எதிர்ச் சுவரில் ஏறி, விளிம்பு தாண்டிக் கொட்டி, சாய்வு நாற்காலிகளை அடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டது. தேனிலவுக்கு வந்திருந்த ஒரு ஜோடி, காலியான குளத்தின் அடியில், மிதக்கும் ரப்பர் வாத்தோடு உட்கார்ந்திருந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு அறையில், குடும்பத்தோடு வந்திருந்த, சுலோச்சனாவின் ஊரையும் ஆட்களையும் முதல் நாளே விசாரித்து வைத்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் மேஜைக்கு வந்தார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"விழுப்புரம் பக்கம் சார்."

"விழுப்புரத்துல எது?"

சொன்னாள்.

"அடடே, அங்க நமக்கு ஆளுங்க இருக்காங்களே. ஊருக்குள்ள எந்தப் பக்கம்? ஏரிக்கரையா, கோயில் தெருவா?"

பூங்காவனம் கையிலிருந்த சப்பாத்தியைக் கீழே வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சுலோச்சனா முந்திக்கொண்டாள். "எங்க ஆளுங்கதான் சார். எனக்குத் தூரத்துச் சொந்தம்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. பூங்காவனம் தோழியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மைதானத்துக் குரலில் சொன்னாள்.

"பொய் சொல்றா சார். ஏரிக்கரையும் இல்ல, கோயில் தெருவும் இல்ல. நான் காலனி. வேற ஏதாவது தெரியணுமா?"

"சேச்சே, நான் அதெல்லாம் பாக்கிறவன் இல்லம்மா" என்றார் அவர். "ஆனா காரணம் இல்லாம கடல் ஒதுங்காது பாருங்க. அதுக்குத்தான் கேட்டேன்." தட்டைத் தூக்கிக்கொண்டு தன் மேஜைக்கே திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் விடுதி மேனேஜர் வந்து குனிந்து நின்றார். "மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது. நாளையிலேர்ந்து சாப்பாட்டை ரூமுக்கே அனுப்பிடறோம். உங்களுக்கும் வசதி. அந்தக் குளத்துப் பக்கம் மட்டும்..."

அறைக்குள் நுழைந்ததும் சுலோச்சனா அழுதாள். "உன்னைக் காப்பாத்தத்தாண்டி சொன்னேன்."

"எதுலேர்ந்து காப்பாத்துன? என்கிட்டேர்ந்தா?" பூங்காவனம் உட்காரவில்லை. "ஹாஸ்டல்ல இருந்தப்போ பொங்கலுக்கு உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனியே, உங்கம்மாகிட்டயும் இதையேதான் சொன்ன. அடுக்களையில நின்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. உங்கம்மா என் தலையைத் தடவி ரெண்டாவது தோசை போட்டாங்களே, அந்தத் தோசை யாருக்குப் போட்டதுன்னு இன்னிய வரைக்கும் எனக்குத் தெரியல சுலோ."

சுலோச்சனா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நான் ஏன் நனையணும்னு சொன்னேன்னு கேட்டியா நீ? கேளு, இப்பக் கேளு. அஞ்சாவது படிக்கிறப்போ, சித்திரை வெயில்ல, ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் பெரிய கிணத்துல குதிக்கிறதைப் பாத்துட்டு நானும் குதிச்சேன். முங்கி எழும்பறதுக்குள்ள கிணறு காலியாயிடுச்சு, அத்தனை பிள்ளைங்களும் ஏறி ஓடிட்டாங்க. என்னைத் தூக்கி வெளிய போட்டாங்க. அப்புறம் மோட்டாரைப் போட்டு மொத்தத் தண்ணியையும் இறைச்சாங்க. எங்கப்பாவைத் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு அங்கயே நிக்கச் சொன்னாங்க, நானும் நின்னேன். நான் தொட்ட தண்ணி வாய்க்கால்ல போறதைப் பாத்துக்கிட்டே நின்னேன். அடியில சேறு தெரியற வரைக்கும் இறைச்சாங்க. இப்ப இங்க வந்தா, கடலும் அதையே செய்யுது. நீ கையெடுத்துக் கும்பிடற."

"ஏண்டி இத்தனை வருஷத்துல சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

மறுநாள் காலை பூங்காவனம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜெட்டிக்குப் போனாள். தீவுக்கு வருகிற போகிற கப்பல் அணைகிற இடம் அது ஒன்றுதான். தண்ணீருக்குள் இறங்கும் கல் படிகள் கீழே மணல் வரை போகும். அவள் ஒவ்வொரு படியாக இறங்க இறங்கக் கடல் ஒதுங்கிக்கொண்டே போனது. கடைசிப் படியில், தண்ணீர் தலைக்கு மேல் உயர்ந்து நிற்க, பாசி வழுக்கும் கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வில்பிரட் ஓடிவந்து, மேலிருந்தே லைப் ஜாக்கெட்டை எறிந்தான். அதை மாட்டிக்கொண்டு அவள் கடலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"இந்தா, என்னைப் பாரு. மரியாதைன்னு ஒதுங்கறியா, அசிங்கம்னு ஒதுங்கறியா? எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். ஒதுங்கறவன் மனசுல என்ன இருக்குன்னு ஆராய்ச்சி பண்ண எனக்கு வயசில்ல. சாக்கடை வந்து விழுந்தா ஒதுங்கறியா நீ? செத்த மாடு மிதந்தா ஒதுங்கறியா? எண்ணெயைக் கொட்டறான், பீயைக் கொட்டறான், எல்லாத்தையும் வாங்கிக்கிற. காசு சேத்து, லீவு சொல்லி, ஆசையா வந்த என்னைக் கண்டா மட்டும் உனக்கு என்ன? நான் கும்பிடு வாங்க வரல. நங்கூரம் எடுக்க வரல. நனைய வந்தேன். நனையாம இந்த இடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

கப்பல் வந்தது. ஜெட்டியை ஒட்டித் தண்ணீரில் பள்ளம் இருப்பதைப் பார்த்ததும் மாலுமிகள் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூரத்திலேயே நின்றார்கள். ஏற வேண்டியவர்கள் பெட்டிகளோடு ஜெட்டியில் காத்திருந்தார்கள். இறங்க வேண்டியவர்கள் கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். வெயில் ஏறியது. நேற்று வரை டீச்சர், தாயே என்றவர்கள், "எல்லார் வழியையும் மறிச்சா எப்படி?" என்று முணுமுணுத்தார்கள். மேனேஜர் படியின் உச்சியில் நின்று, அவளுக்கு ஒரு நாள் தங்கல் இலவசம் என்றார். பூங்காவனம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விட்ட இடத்திலிருந்து கடலைத் திட்டினாள்.

ஜெபமாலை தூக்குவாளியோடு வந்தாள். மேலே நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். கீழேயிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும், வெள்ளைத் துணி விரித்த அந்த நாற்காலியை அவள் கண்முன் கொண்டுவந்து போட்டது. சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு இறங்கினாள். கடைசிப் படி வரை இறங்கி, "தள்ளி உட்காரு டீச்சர், எனக்கு முட்டி வலி" என்று சொல்லி, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து ஓர் உருண்டையை அவள் வாயருகே நீட்டினாள்.

"தள்ளி நிக்கலையா?"

"தப்பாயிடுச்சு. சாப்பிடு. திட்டறதுக்குத் தெம்பு வேணும்ல."

பூங்காவனம் அந்த உருண்டையை வாங்கிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. அதையும் கோபமாகவே துடைத்தாள்.

மேலே அதிகாரி சுலோச்சனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "போர்ட் பிளேர்ல எங்களுக்கு விமானம் இருக்கு. நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதாம்மா? நீ நம்ம பொண்ணு."

"நான் உங்க பொண்ணு இல்ல சார்" என்றாள் சுலோச்சனா. போனைப் பைக்குள் போட்டு, பையை அங்கேயே வைத்துவிட்டுப் படியிறங்கினாள். பாதியில் நின்று, "நான் வரலாமா பூங்கா?" என்றாள்.

"நான் யாரு சொல்றதுக்கு? படி எல்லாருக்கும் பொதுதான்."

அந்தக் குரலில் மன்னிப்பு இல்லை. சுலோச்சனா அது தெரிந்தே இறங்கி, மறுபக்கம் ஒட்டி உட்கார்ந்தாள்.

பிறகு வில்பிரட் ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு இறங்கினான். நங்கூரக்காரக் கிழவர், கொலுசுக்காரி, மணி இழுத்தவர்கள் என்று இறங்கினார்கள். சிலர் அவளோடு சேர்ந்துகொள்ள இறங்கினார்கள். சிலர் எழுந்திரு என்று சொல்லத்தான் இறங்கினார்கள். கடல் இரைச்சலில் காதோரம் போய்ச் சொல்ல வேண்டியிருந்ததால் நெருங்கி, நெருங்கியதால் இடமில்லாமல் குந்தி, குந்திய பின் பின்னால் வந்தவர்கள் நெருக்கியதில் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே இருந்துவிட்டார்கள். குளத்து ஜோடியும் வந்தது. அந்த இரண்டு கை அகலத்துக்குள், மடிமேல் மடியாக, முதுகோடு முதுகாக, யார் கை யார் கால் என்று தெரியாமல், மீன் வாசமும் வியர்வை வாசமும் தேங்காயெண்ணெய் வாசமும் ஒன்றாகி அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

கடல் அவர்களைச் சுற்றி நின்று பார்த்தது. பூங்காவனம் எங்கே முடிகிறாள், ஜெபமாலை எங்கே தொடங்குகிறாள் என்று அதற்குப் பிடிபடவில்லை. யாரைக் கண்டு ஒதுங்குவது என்று குழம்பி, ஒரு தரம் முன்னும் பின்னும் ஆடி, அப்படியே மொத்தமாக அவர்கள் மேல் விழுந்தது.

கூச்சலும் இருமலுமாகத் தலைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. தூக்குவாளி மிதந்தது. வில்பிரட் ஓடி ஓடிப் பிடித்தான். நீந்தத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களின் தலைமுடியைப் பற்றினார்கள். ஜெட்டியின் மேல் ஏறி அடித்த அலை பெட்டிகளையும் மேனேஜரையும் நனைத்தது. அதிகாரி மேல் ஒரு சொட்டு விழவில்லை. அவர் தன் சட்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பூங்காவனம் எல்லோருக்கும் கடைசியில் மேலே வந்தாள். மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் ஒழுக, தலைமுடி முகத்தில் ஒட்டிக் கிடக்க, "இதுக்கு இவ்வளவு நேரமா?" என்று கடலை இன்னொரு தடவை திட்டினாள். நன்றி சொல்லவில்லை. அது செய்ய வேண்டியதைச் செய்தது, அவ்வளவுதான். சுலோச்சனா படியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். பூங்காவனம் ஈரக் கையை ஒரு நொடி அவள் தோளில் ஊன்றி, அந்தப் பிடிமானத்தில் கண்ணாடியைச் சரியாக இழுத்து மாட்டிக்கொண்டு, குழாயைக் கடித்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

கப்பல் ஜெட்டியில் அணைந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், போனார்கள். அவள் பவளப்பாறைப் பக்கமாக மிதந்துகொண்டிருந்தாள். கீழே பச்சை மீன் பாறையைக் கடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவள் வயிற்றின் அடியில் ஒரு கூட்டம் மஞ்சள் மீன்கள் நுழைந்து, ஒதுங்காமல், உரசிக்கொண்டே போயின. வெயில் சாய்ந்து, கரையில் ஜெபமாலை அடுப்புப் பற்றவைத்த பிறகும் அவள் முகம் எடுக்கவில்லை. வில்பிரட் நீந்திப் பக்கத்தில் வந்து மெதுவாகத் தோளைத் தட்டினான்.

"கரைக்குப் போலாமா டீச்சர்?"

அவள் குழாயை வாயிலிருந்து எடுத்தாள்.

"இப்பத்தானேப்பா வந்திருக்கேன்."